பிளாக் ஃபாரஸ்டில் கார் தொல்லை இல்லாமல் கிராவல் ஓட்ட எந்தப் பக்கம் போகலாம்?

நெக்கர்கரை

வணக்கம் மக்களே. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன், பக்கத்து மலைக்காடுதான் பிளாக் ஃபாரஸ்ட். இந்த வசந்தத்தில்தான் கிராவல் சைக்கிள் (சரளைச் சாலைக்கான சைக்கிள்) வாங்கினேன், 40 மி.மீ. டயர். போன ஞாயிறு முர்க் பள்ளத்தாக்கில் சைக்கிள் பலகை போட்ட பாதையில் போனோம். பாதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதித் தூரம் நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது, மோட்டார் சைக்கிள் கூட்டம் காதைக் கிழிக்கிறது. இதற்கா சரளை டயர் வாங்கினோம் என்று ஆகிவிட்டது.

நான் கேட்பது இதுதான்: கார், மோட்டார் சைக்கிள் சத்தமே இல்லாமல் காட்டுக்குள் நாள் முழுவதும் ஓட்ட வழி உண்டா? ரயிலில் போய் ரயிலில் திரும்ப வேண்டும், வீட்டில் கார் கிடையாது. ஏற்றம் 1000 மீட்டர் வரை சமாளிப்போம். குழுவில் ஒருவரிடம் ஈ-பைக். ரூட் பெயர் ஏதாவது சொன்னால் அதன் ஜிபிஎக்ஸ் (செயலியில் ஏற்றும் வழிக் கோப்பு) தேடிக்கொள்கிறேன்.

காட்டுத்தடம்

ரூட் பெயரைத் தேடுவதை முதலில் விடுங்கள். பெயர் வைத்த சைக்கிள் பாதைகளில் பெரும்பாலானவை சுற்றுலாக் குடும்பங்களுக்காகப் போட்டவை. ஏற்றம் இருக்கக் கூடாது என்பதால் ஆற்றோரமாகவே போகும். ஆற்றோரத்தில்தான் ரயிலும் நெடுஞ்சாலையும் ஊரும் இருக்கின்றன. நீங்கள் பட்டது அதைத்தான்.

பிளாக் ஃபாரஸ்டில் சத்தம் இருக்கும் இடம் இரண்டு. ஒன்று பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் தேசிய நெடுஞ்சாலைகள்: முர்க் பக்கம் பி462, கின்ட்ஸிக் பக்கம் பி33, ஃப்ரைபுர்க்குக்குக் கிழக்கே ஹோல்லென்டாலில் பி31. இன்னொன்று வடக்கில் மலை முகடு, அதன்மேல் பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை பி500 போகிறது. வார இறுதியில் தென் ஜெர்மனி மோட்டார் சைக்கிள்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான். இரண்டுக்கும் நடுவே, சுமார் 500 மீட்டரிலிருந்து 900 மீட்டர் வரை உள்ள சரிவு இருக்கிறதே, அது முழுக்க வனத்துறைச் சாலை. மரம் ஏற்றிய லாரி ஏறி இறங்குவதற்காகப் போட்டது. அதனால் அகலமாக இருக்கும், கொண்டை ஊசி வளைவுகூட லாரி திரும்பும் அளவு விரிந்திருக்கும், ஏற்றமும் லாரி தாங்குகிற அளவைத் தாண்டாது. நுழையும் இடத்தில் தடுப்புக்கட்டை. பொதுமக்கள் கார் உள்ளே வர முடியாது. இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே திட்டம் போடுவது இப்படி: ஒரு பள்ளத்தாக்கில் ரயிலை விட்டு இறங்கு, முதல் காட்டுச்சாலையில் ஏறு, அந்த நடுப்பட்டையிலேயே ஓட்டு, பக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்கி வேறு ரயிலைப் பிடி. முகட்டுச் சாலையைக் குறுக்கே கடப்பதோடு சரி, அதன்மேல் ஓட்டாதே.

உங்களுக்கு அருகில் என்றால் பாட் வில்ட்பாட். ஃபோர்ட்ஸ்ஹைமில் மாறினால் எஸ்6 உள்ளூர் ரயில் ஊருக்குள்ளேயே கொண்டு விடுகிறது. அங்கிருந்து சொம்மர்பெர்க் மேலே ஏற வேண்டும். காட்டுச்சாலை உண்டு, கால் வலிக்கிறவர்களுக்கு 1908-இல் போட்ட கயிற்று ரயிலும் உண்டு, சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். மேலே போய்விட்டால் அப்புறம் பெரும்பாலும் தட்டையான சரளை. க்ரூன்ஹுட்டே என்ற காட்டுச் சாப்பாட்டுக் கடை வழியில் வரும், அவுரிநெல்லி போட்ட தட்டு அளவு அப்பம் அங்கே பிரசித்தம். அதைத் தாண்டி கால்டன்பிரோன், அங்கிருந்து ஹோலோ உச்சி, சுமார் 985 மீட்டர். கோபுரத்தில் ஏறினால் தெளிவான நாளில் ரைன் சமவெளிக்கு அப்பால் பிரான்சின் வோஜ் மலைகள் தெரியும். பிறகு ஒரே இறக்கம், ஃபோர்பாக் வரை. ஃபோர்பாக் 300 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, ஆக ஏறியதைவிட இறங்குவது அதிகம். எஸ்8 பிடித்து கார்ல்ஸ்ரூ வழியாக வீட்டுக்கு.

ஒன்றே ஒன்று கவனம். க்ரூன்ஹுட்டேக்கும் கால்டன்பிரோனுக்கும் நடுவே வில்ட்ஸே சதுப்பு நிலம். நடந்து போகிறவர்களுக்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், அதில் சைக்கிள் கூடாது. செயலிகள் குறுக்கு வழி என்று அதற்குள் இழுத்துப்போகும். சுற்றிப் போகிற காட்டுச்சாலையைப் பிடியுங்கள்.

நெக்கர்கரை

அருமை, நன்றி. ஆனால் ஆபீஸில் ஒரு ஜெர்மன் நண்பர், இங்கே காட்டில் சைக்கிள் ஓட்டினால் அபராதம் என்று பயமுறுத்துகிறார். ஏதோ 2 மீட்டர் விதி என்கிறார். உண்மையா?

வடலி

ஓம், உண்மைதான், ஆனால் உங்களுக்கு அதில் பயம் இல்லை. எங்கட மாநிலம் பாடன்-வுர்ட்டம்பெர்க்கின் வனச்சட்டத்தில் 1995-இல் இருந்து இருக்கிற விதி அது. 2 மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள காட்டுப் பாதையில் சைக்கிள் ஓடக் கூடாது. மவுண்டன் பைக்காரருக்குத்தான் அது வயிற்றெரிச்சல், கனகாலமாகச் சண்டை பிடிக்கினம். காட்டுச்சாலை எல்லாம் 3 மீட்டருக்குக் கிட்ட, ஆனபடியால் கிராவல்காரருக்குச் சட்டம் தடை இல்லை. பக்கத்து மாநிலம் ரைன்லாந்து-ஃபால்ட்ஸில் இப்படி மீட்டர் கணக்கு இல்லை, அங்கே ஃபால்ட்ஸ் காட்டில் ஓடிப் பாருங்கோ, மணற்கல் நிலம், வேறு மாதிரி வடிவு.

நடைபாதைக் குறி போட்ட வழிகளில் அவதானம் வேணும். வெஸ்ட்வேக் என்று ஃபோர்ட்ஸ்ஹைமில் தொடங்கி பாசல் வரை போகிற நெடும்பாதை, 1900-இல் போட்டது, சிவப்பு டயமண்ட் குறி. அது சில இடங்களில் அகலமான சாலை, சில இடங்களில் வேரும் கல்லுமாக ஒற்றையடி. சிவப்பு டயமண்டை நம்பி அதன் பின்னால் போனால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான், சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது.

பலகையையும் வடிவாகப் பாருங்கோ. சிவப்பு வட்டத்துக்குள் காரும் மோட்டார் சைக்கிளும் கீறியிருந்தால் அது எங்களுக்கு இல்லை, போகலாம். வட்டம் உள்ளே வெறும் வெள்ளையாக இருந்தால் சைக்கிளும் ஓடக் கூடாது, கீழே சைக்கிளுக்கு விலக்கு என்று துணைப்பலகை இருந்தால் ஒழிய.

உங்கட ஈ-பைக் நண்பர் 25 கி.மீ. வேகத்தில் மோட்டார் நிற்கிற வண்டி வைத்திருந்தால் சைக்கிள் கணக்குத்தான். 45 வரை போகிறது என்றால் அது மோட்டார் வண்டி, காட்டுச்சாலையில் இடமில்லை.

ட்ரைசாம்_தம்பி

ஃப்ரைபுர்க் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. வடக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், தெற்கில்தான் மலை மலையாக இருக்கிறது. ஹோல்லென்டால் பி31-இல் சைக்கிள் ஓட்ட நினைக்கவே வேண்டாம், லாரி வரிசை. ஆனால் அதே பள்ளத்தாக்கில் ரயில் ஏறுகிறது பாருங்கள், ஃப்ரைபுர்க் 280 மீட்டர் என்றால் ஹின்டர்ட்ஸார்டன் 885, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டே ஏறிவிடலாம். ஷ்லுக்ஸே பக்கம் போகிற வண்டியில் ஏறினால் ஃபெல்ட்பெர்க்-பேரென்டால் நிலையம், 967 மீட்டர், ஜெர்மன் ரயில்வேயின் அகலப்பாதை நிலையங்களில் இதுதான் உயரமானது. அங்கே இறங்கி ஆரம்பித்தால் அன்றைய ஏற்றத்தில் பெரும்பங்கை ரயிலே முடித்துக் கொடுத்திருக்கும்.

பேரென்டாலிலிருந்து காட்டுக்குள்ளேயே வின்ட்க்ஃபெல்வையர் குளம், அப்படியே ஷ்லுக்ஸே ஏரி. ஏரியின் மேற்குக் கரையில் கார் சாலை கிடையாது, காடும் சரளையும் தண்ணீரும்தான். கிழக்குக் கரையில் சாலையும் ரயிலும் இருப்பதால் அந்தப் பக்கம் வேண்டாம். பிறகு லென்ட்ஸ்கிர்க் இறங்கினால் பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள், போன்டோர்ஃப் வரை போகிறது. 1907-இல் போட்ட கிளை ரயில், எழுபதுகளில் மூடிவிட்டார்கள். ரயில் போன தடம் என்பதால் ஏற்றம் காலுக்கே தெரியாது. ஈ-பைக் இல்லாதவர்களும் பேசிக்கொண்டே போகலாம். வழியில் கல் பாலம் ஒன்று, மேலிருந்து பார்த்தால் தலை சுற்றும்.

போன்டோர்ஃபில் ரயில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அதே தடத்தில் திரும்பி நாய்ஷ்டாட் பக்கம் போய் ரயில் பிடிக்க வேண்டும். பக்கத்தில் வுட்டாக் பள்ளத்தாக்கு இருக்கிறதே, அதற்குள் போகலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது. அது நடப்பவர்களுக்கான குறுகிய பாதை, விழுந்தால் ஆற்றில்தான்.

காட்டுத்தடம்

தம்பி சொன்ன வழி நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷ்லுக்ஸே கரைக்கு ஒரு கிராவல் குழுவை அனுப்புவது நியாயமா? குழந்தை வண்டி, நாய், ஐஸ்கிரீம். கார் இல்லைதான், ஆனால் மணி அடித்தே கட்டைவிரல் தேய்ந்துவிடும். அதை வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரைசாம்_தம்பி

காலை எட்டு மணிக்குப் போனால் ஒருவரும் இல்லை அண்ணா. ஜெர்மன்காரர்கள் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வர பதினொன்று ஆகும்.

வடலி

எட்டு மணிக்கு நிற்க வேணும் என்றால் முதல் ரயில் பிடிக்க வேணும். சனி ஞாயிறு பிரச்சினை இல்லை, பிராந்திய ரயிலில் சைக்கிள் நாள் முழுக்க இலவசம். வார நாளில் காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை சைக்கிளுக்கும் டிக்கெட் வேணும், 9-க்குப் பிறகு சும்மா கொண்டு போகலாம். டாய்ச்லாந்து டிக்கெட் (நாடு முழுக்கப் பிராந்திய ரயிலுக்கான மாத டிக்கெட்) ஆளுக்குத்தான், சைக்கிளுக்கு இல்லை என்பதைக் கனபேர் மறந்துபோகினம். வெயில் ஞாயிறுகளில் ஹோல்லென்டால் ரயிலில் சைக்கிள் இடம் நிரம்பினால் ஏற்ற மாட்டினம், நாலு ஐந்து பேர் என்றால் இரண்டு வண்டியாகப் பிரிந்து போவது நல்லது.

பஞ்சர்பாண்டி

எல்லோரும் சொர்க்கம் போலவே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன். வனத்துறைச் சாலை லாரிக்காகப் போட்டது என்றால் பராமரிப்பும் லாரிக்காகத்தான். புதிதாகச் சரளை கொட்டிய வாரத்தில் போய்ப் பாருங்கள், முட்டை அளவு கூர்க்கல், உருளையால் அழுத்தாமல் அப்படியே கிடக்கும். 40 மி.மீ. டயரில் இறக்கத்தில் முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். 45-க்குக் குறையாமல் போடுங்கள், டியூப்லெஸ் ஆக்குங்கள், காற்றைக் குறையுங்கள். கியரும் அப்படித்தான், கடையில் காட்டுகிற வேக கியர் இங்கே உதவாது, முன் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையும் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையும் சமமாகவாவது இருக்க வேண்டும், பின்னால் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் மரம் வெட்டுதல். 2018-இலிருந்து அடுத்தடுத்து வறட்சி, பட்டை வண்டு ஸ்ப்ரூஸ் மரங்களைத் தின்று தீர்க்கிறது, அதனால் வெட்டுவதும் கூடியிருக்கிறது. வார நாளில் சாலைக்குக் குறுக்கே உயிருக்கு ஆபத்து என்று பதாகை கட்டியிருப்பார்கள். சிலர் அதைத் தூக்கிவிட்டு உள்ளே போகிறார்கள். ஐயா, மரம் விழும்போது கிராவல் சைக்கிளா மவுண்டன் பைக்கா என்று பார்த்து விழாது. திரும்பி வாருங்கள், மலையில் அடுத்த சாலை 50 மீட்டர் கீழேயோ மேலேயோ இருக்கும்.

நெக்கர்கரை

அந்த அடுத்த சாலையைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சிக்கல். செயலியில் கிராவல் என்று தேர்வு செய்தால் ஒருசமயம் தார்ச்சாலை, ஒருசமயம் ஆட்டுப்பாதை. எதை நம்புவது?

பஞ்சர்பாண்டி

சைக்கிள் செயலிகளில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தின் தரவுதான். அதில் காட்டுச்சாலைகளுக்கு 1 முதல் 5 வரை கிரேடு போட்டிருப்பார்கள். 1 என்றால் தார் அல்லது கெட்டியாக இறுகிய தளம், 2 நல்ல சரளை, 3-இல் புல்லும் மண்ணும் கலக்கும், 4, 5 டிராக்டர் தடம். கிரேடு 2-ஐக் கோர்த்தால் உங்களுக்கு வேண்டிய ரூட். 3 வந்தால் மழைக்கு அடுத்த நாள் போகாதீர்கள். பாதை என்று மட்டும் குறித்திருக்கும் மெல்லிய கோடுகளைத் தொடவே வேண்டாம், அவை அநேகமாக 2 மீட்டருக்குள்தான் இருக்கும்.

ஆயத்தமான ரூட்தான் வேண்டும் என்றால் ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து பாட் சேக்கிங்கன் வரை பைக் கிராஸிங் ஷ்வார்ட்ஸ்வால்ட் என்று ஒன்று இருக்கிறது. மவுண்டன் பைக்குக்கு என்று போட்டது, ஆனால் அந்த 2 மீட்டர் விதி காரணமாக பெரும்பகுதி காட்டுச்சாலையாகவே போய்விட்டது. மவுண்டன் பைக்காரர்கள் சலிப்பாக இருக்கிறது என்று திட்டுவார்கள். அவர்கள் திட்டினால் நமக்கு நல்லது என்று அர்த்தம். துண்டு துண்டாக எடுத்து ஓட்டலாம்.

நொய்யல்வாசி

கோவையிலிருந்து. படிக்கப் படிக்கப் பொறாமையாக இருக்கிறது. நம் பக்கம் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் சக்கரம் வைக்க முடியாது. அதுவும் சரிதான், யானை நடமாடும் இடத்தில் சைக்கிளோடு திரும்பி ஓட முடியுமா? வால்பாறையில் தேயிலைத் தோட்டச் சாலை இருக்கிறது, அது தனியார் இடம், கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஜூனில் அண்ணன் வீட்டுக்கு மன்ஹைம் வருகிறேன். அங்கே காட்டில் விலங்கு ஏதும் கிடையாதா? உள்ளே போக யாரிடமாவது எழுதி வாங்க வேண்டுமா?

காட்டுத்தடம்

எழுதி வாங்க வேண்டாம். காட்டுக்குள் போவது இங்கே பொதுமக்களின் உரிமை, அரசுக் காடு, தனியார் காடு இரண்டுக்கும் அது பொருந்தும். சைக்கிள் என்றால் சாலையை விட்டு இறங்கக் கூடாது, ஆபத்து நம் பொறுப்பு, அவ்வளவுதான். விதிவிலக்கு ருஹெஸ்டைன் பக்கம் உள்ள தேசியப் பூங்கா, 2014-இல் வந்தது, தொடங்கியபோது சுமார் 10,000 ஹெக்டேர். அதற்குள் சைக்கிளுக்கென்று குறித்த வழிகளில் மட்டும்தான். அங்கே ஆவர்ஹூன் என்ற பெரிய காட்டுக்கோழி இருக்கிறது, ஆள் சத்தம் கேட்டால் கூட்டை விட்டுவிடும், எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. விதியை மதியுங்கள்.

விலங்கு என்று கேட்டால் காட்டுப்பன்றி, மான். ஓரிரு ஓநாய் இருக்கின்றன, உங்கள் கண்ணில் படாது. அந்தி நேரத்தில் வேட்டைக்காரர்கள் மேடையில் உட்கார்ந்திருப்பார்கள், ஆகவே பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கிவிடுங்கள்.

வடலி

யானையைவிடச் சின்னதுக்குத்தான் இங்கே பயம். உண்ணி. ஏறத்தாழ மாநிலம் முழுக்க உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சல் அபாயப் பகுதி. அதுக்கு 3 ஊசி, இங்கே இருக்கிறவர்களுக்குக் காப்புறுதி காசு கட்டும். லைம் நோய்க்கு ஊசியே இல்லை. புல்லுக்குள் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தால் வீட்டில் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு எல்லாம் பார்க்க வேணும்.

இன்னொன்று. பள்ளங்களில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. சாலைச் சந்திகளில் பச்சைப் பலகையில் வெள்ளைச் சிலுவையும் ஓர் இலக்கமும் இருக்கும். அது மீட்பு இடம். விழுந்து கிடந்தால் 112-க்கு அந்த இலக்கத்தைச் சொன்னால் போதும், காட்டுக்குள் எங்கே நிற்கிறோம் என்று விளக்க வேண்டியதில்லை. கடக்கிற ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கோ.

மாவுமில்

சாப்பாடு பற்றி யாருமே பேசவில்லையே. ஞாயிறு கடை மூடல் என்பதை மறக்காதீர்கள், காலையில் சில மணி நேரம் பேக்கரி மட்டும். நான் புளியோதரைதான் கட்டிக்கொண்டு போவேன், ஜெர்மன் நண்பர்கள் ஆற்றல் ஜெல் உறிஞ்சும்போது மரப்பெஞ்சில் பொட்டலத்தைப் பிரித்தால் அவர்கள் கண் இங்கேதான் இருக்கும்.

தண்ணீருக்கு: காட்டோரத் தொட்டிகளில் ஓயாமல் தண்ணீர் கொட்டும், பல இடங்களில் குடிநீர் அல்ல என்று எழுதியிருக்கும், படித்துவிட்டுக் குடியுங்கள். எல்லா ஊரிலும் கல்லறைத் தோட்டம் உண்டு, செடிக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள், நெடுந்தூரச் சைக்கிள்காரர்கள் எல்லோரும் அங்கேதான் பாட்டில் நிரப்புகிறார்கள். நம் வீட்டில் சொன்னால் அடிக்க வருவார்கள், அது வேறு விஷயம். ஓபர்கிர்க், சாஸ்பாக்வால்டன் பக்கம் போனால் தண்ணீர்த் தொட்டிக்குள் பழச்சாராயப் பாட்டில்களைக் குளிர வைத்திருப்பார்கள், ஆள் இருக்க மாட்டார், பக்கத்தில் உண்டியல். எடுத்துக் குடித்துவிட்டுக் காசு போட வேண்டும். இறக்கத்துக்கு முன்னால் வேண்டாம்! சில்லறையாவது எடுத்துப் போங்கள், மலைப் பண்ணைக் கடைகளில் அட்டை வாங்குவார்கள் என்று நம்பிப் போகக் கூடாது.

ட்ரைசாம்_தம்பி

பருவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 900 மீட்டருக்கு மேல் ஏப்ரலில்கூட நிழல் பக்கம் பனி கிடக்கும். நவம்பர், டிசம்பரில் கூட்டு வேட்டை நடக்கும், அன்றைக்குச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். குளிர்காலத்தில் நல்ல காட்டுச்சாலைகளில் பல பனிச்சறுக்குத் தடமாக மாறிவிடும், ஷோனாக் முதல் பெல்ஹன் வரை 100 கி.மீ. தடமே இருக்கிறது. இயந்திரம் ஓட்டித் தேய்த்து வைத்த தடத்தில் டயர் பதித்தால் ஊரே திட்டும், அதில் தப்பும் இல்லை. மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரைதான் நம் காலம். நொய்யல்வாசி ஜூனில் வருவது சரியான நேரம், இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும், முகட்டில் நிற்காதீர்கள்.

நொய்யல்வாசி

சைக்கிள் வாடகைக்குக் கிடைக்குமா? விமானத்தில் கட்டிக்கொண்டு வர மனமில்லை.

ட்ரைசாம்_தம்பி

ஃப்ரைபுர்க், டிட்டிஸே இரண்டிலும் கடைகள் உண்டு. ஈ-பைக் சுலபமாகக் கிடைக்கும், கிராவல் கொஞ்சம்தான் வைத்திருப்பார்கள், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், அளவையும் சொல்லுங்கள். மலையில் இரவு தங்கினால் பதிவு செய்த விடுதியில் கோனுஸ் அட்டை தருகிறார்களா என்று கேளுங்கள், பிளாக் ஃபாரஸ்ட் பகுதிக்குள் பஸ்ஸும் பிராந்திய ரயிலும் அதில் இலவசம்.

நெக்கர்கரை

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டோம்: வரும் சனிக்கிழமை பாட் வில்ட்பாட், க்ரூன்ஹுட்டே, கால்டன்பிரோன், ஹோலோ, ஃபோர்பாக். 45 மி.மீ. டயர் ஆர்டர் போட்டாயிற்று. கடைசியாக ஒரு கேள்வி, எதிர்த்திசையில் ஃபோர்பாக்கில் தொடங்கினால் என்ன? எங்களுக்கு அந்த ரயில் வசதி.

காட்டுத்தடம்

போகலாம், ஆனால் முர்க் பக்கச் சரிவு செங்குத்து, தொடக்கத்திலேயே 680 மீட்டர் ஏற்றம், ஈ-பைக் நண்பரைத் தவிர மற்றவர்கள் கால்டன்பிரோனுக்கு முன்பே பேச்சை நிறுத்திவிடுவார்கள். பாட் வில்ட்பாட்டிலிருந்தே ஏறுங்கள். ஃபோர்பாக் இறக்கத்துக்கு முன் பிரேக் பட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், பாதி தேய்ந்திருந்தால் வெள்ளிக்கிழமையே மாற்றிவிடுங்கள்.

மாவுமில்

அந்த அப்பம் ஒன்று ஒருவருக்கு அதிகம். இரண்டு பேருக்கு ஒன்று வாங்குங்கள், இல்லையென்றால் ஹோலோ ஏற முடியாது.